இலையைக் கிள்ளினால் மரம் சாகாது

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உன் தோள் உயரத்துக்கு ஒரு வேப்பமரத்தில் ஆணி அடிக்கிறாய். நீ காலேஜ் முடித்துவிட்டு வந்து பார்க்கும்போது அந்த ஆணி எந்த உயரத்தில் இருக்கும்?

"மேல போயிருக்கும் டீச்சர்" என்பார்கள் பாதிப்பேர். ஆசிரியர் அறையில் இதையே கேட்டபோது கணக்கு சாரும் அப்படித்தான் சொன்னார். ஆணி அடித்த இடத்தில்தான் இருக்கும். மரம் உயர்வது அதன் நுனிகளில் மட்டும். அடிமரம் பருக்குமே தவிர உயராது. பருக்கப் பருக்க அந்த ஆணியை மரம் உள்ளே விழுங்கிக்கொள்ளும். பழைய சாலையோர மரத்தை சா மில்லில் அறுக்கும்போது ரம்பத்தின் பல் போவது இப்படி விழுங்கின ஆணியால்தான்.

ஒரு வருஷம் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்ப பனைமரத்துல அடிச்சா டீச்சர்?" என்றான். அந்த வருஷத்தின் நல்ல கேள்வி அது. பனையும் தென்னையும் வேம்பு மாதிரி வருஷா வருஷம் பருப்பதில்லை. பட்டைக்கு அடியில் புதுத் திசுவை உண்டாக்கும் வளையம் அவற்றுக்குக் கிடையாது. அதனால் ஆணி அதே உயரத்தில், விழுங்கப்படாமல், துருப்பிடித்து நிற்கும். வெட்டின காயமும் மூடாது. தென்னையில் ஏறுவதற்காகக் கொத்தின படி மரம் இருக்கிறவரைக்கும் அப்படியே இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்து ஓய்வுபெற்றவள் நான். 2001-ல் மத்திய அரசு தேசிய பசுமைப் படையைத் தொடங்கிய கொஞ்ச நாளில் எங்கள் பள்ளிக்கும் ஒன்று வந்தது. அறிவியல் டீச்சர் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சுற்றுச்சூழலைப் பள்ளியில் பாடமாகவே சொல்லித்தர வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பாடம் வந்தது, பரீட்சையும் வந்தது. 'மரங்களின் பயன்கள் யாவை?' என்ற கேள்விக்குப் பத்துப் பயன் எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு, வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நிற்பது வாகையா புங்கமா என்று தெரியாது.

நம் பள்ளிகளிலும் பூங்காக்களிலும் 'இலைகளைப் பறிக்காதீர்கள்' என்று போர்டு இருக்கும். அந்த போர்டையே மரத்தில் ஆணி அடித்து மாட்டியிருப்பார்கள். இதைவிடப் பெரிய முரண் எனக்குத் தெரியவில்லை. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினால் பூவரசுக்கு ஒன்றும் ஆகாது. ஆடு தினமும் அதைவிட அதிகமாகத் தின்கிறது. ஆனால் இடுப்புயரத்தில் பட்டையை ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிவர உரித்துவிட்டால் மரம் முடிந்தது. இலை தயாரித்த சாப்பாடு பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வேர் உறிஞ்சிய தண்ணீர் ஏறுவது அதற்கும் உள்ளே, கட்டை வழியாக. பட்டை போனபிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருப்பதால் இலை பல வாரங்களுக்குப் பச்சையாகவே இருக்கும், வேர் மட்டும் பட்டினி கிடக்கும். மரத்தைக் கொல்லத் தெரிந்த பெரியவர்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். மனைக்கு முன்னால் நிற்கும் மரத்தை ராத்திரியில் பட்டை உரிப்பார்கள், இல்லாவிட்டால் அடியில் ஆசிட் ஊற்றுவார்கள். அது காய்ந்து நிற்கும்போது, "தானா பட்டுப்போச்சு" என்று அனுமதி கேட்டு வெட்டுவார்கள். இதைத் தெரிந்துகொள்ளாத பிள்ளை மரத்தைக் காப்பாற்றுவது எப்படி? இலையைக் கிள்ளாதே என்று மிரட்டுவதைவிட, மரம் எப்படிச் சாகும் என்று சொல்லித்தருவது மேல் என்பது என் கட்சி.

சிமென்ட்டும் அப்படித்தான். கோயில் வாசலில், டீக்கடை முன்னால், ஏன் எங்கள் பள்ளி வளாகத்திலேயே, அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, மேடை கட்டி 'உபயம்' எழுதியிருப்பார்கள். வேருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றும் வேண்டும் என்பதுதான் தெரியாது. பிள்ளைகளை மரம் வரையச் சொன்னால் மேலே எவ்வளவு உயரமோ கீழேயும் அவ்வளவு ஆழத்துக்கு வேரைப் போடுவார்கள். உண்மையில் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் ஓரிரு அடிக்குள்தான் இருக்கின்றன. பக்கவாட்டில் கிளைநிழலையும் தாண்டிப் போகும். நாம் ரோடு போடும், பைப் தோண்டும் ஆழமும் அதே ஓரிரு அடிதான்.

இதைக் கரும்பலகையில் சொல்லி நம்பவைக்க நான் படாத பாடு பட்டேன். கடைசியில் சொல்லித்தந்தது கஜா புயல்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய அந்தப் புயல் எங்கள் பக்கத்தையும் உருட்டிவிட்டுத்தான் போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் தாத்தா நட்ட பலாமரங்கள் வேரோடு கிடந்தன. பள்ளி திறந்தபோது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடம் எடுக்க முடியவில்லை. பல வீடுகளில் கூரை இல்லை. கொஞ்ச நாள் போன பிறகு, நோட்டோடு வெளியே கூட்டிப் போனேன். எது விழுந்தது, எந்தப் பக்கமாக விழுந்தது, வேர்த்தட்டு எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று எழுதச் சொன்னேன்.

படுத்துக் கிடந்த தூங்குமூஞ்சி மரத்தின் வேர்த்தட்டு எழுந்து சுவர் மாதிரி நின்றது. அகலம் ஓர் ஆள் படுக்கலாம் போல இருந்தது, ஆழமோ ஒரு பையனின் இடுப்பளவு. "டீச்சர், இவ்ளோதான் வேரா?" என்று ஒருத்தி தொட்டுப் பார்த்தாள். சாலைப் பக்கத்து வேர்கள் பழைய வெட்டுக்காயத்தோடு மொட்டையாக நின்றன. சாக்கடை தோண்டியபோது அறுத்தவை அவை. ஒரு பக்கம் பிடிமானமே இல்லாமல்தான் அந்த மரம் அத்தனை வருஷமும் நின்றிருக்கிறது. பனைகள் பெரும்பாலும் விழவில்லை. தலை கலைந்து, மட்டை ஒடிந்து, ஆனால் நின்றன. கிளைகளைக் கழித்து, வேர் காயும்முன் ஜேசிபி வைத்து நிமிர்த்தி மண் அணைத்த பலா சில பிழைத்தன. விழுந்த மரமெல்லாம் விறகு இல்லை என்பதும் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஊரில் எல்லோருக்கும் கன்று நடும் ஆர்வம் வந்தது. நல்லதுதான். ஆனால் எப்போது நடுகிறோம்? உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. வன மகோத்சவம் ஜூலை முதல் வாரம். அதை 1950-ல் தொடங்கியவர் அன்றைய மத்திய உணவு, வேளாண் அமைச்சர் கே.எம். முன்ஷி. தென்மேற்குப் பருவமழை பெய்யும் வட இந்தியாவுக்குப் பொருத்தமான நாள் அது. எங்களுக்கு ஜூலை என்றால் ஆடிக்காற்று. மண்ணில் ஈரமே இருக்காது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. கிழக்கு மாவட்டங்களில் அதைவிட அதிகப் பங்கு. ஆக, சிறப்பு விருந்தினர் வந்து, கன்றைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டு போவது ஜூலையில். கன்று காய்வது ஆகஸ்டில். அடுத்த ஜூலையில் அதே குழியில் அடுத்த கன்று, அடுத்த போட்டோ. நடுவதற்கு நம் பக்கம் ஏற்ற காலம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும். விழாவை ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள், மிட்டாயும் கொடுங்கள், குழியை மட்டும் அக்டோபருக்குத் தள்ளிப்போடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். சுற்றறிக்கையில் தேதி போட்டிருக்கிறதே என்று அவர் தயங்கினார். கடைசியில் இரண்டும் நடந்தது.

ஐப்பசியில் நட்டாலும் சித்திரையில் யார் தண்ணீர் ஊற்றுவது? பள்ளி லீவு விட்டுவிடும். கன்றுக்குப் பக்கத்தில் பழைய மண்பானையை, அடியில் சின்ன ஓட்டை போட்டுத் திரி வைத்து, கழுத்துவரை புதைத்து, மூடி வைத்தால் ஒரு பானைத் தண்ணீர் பல நாள் கசியும். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாற்றி மாற்றி நிரப்பினார்கள். அப்படியும் சில போயின.

தண்ணீர்க் கவலையே இல்லாதது பனை. ஆவணி, புரட்டாசியில் பழம் உதிரும்போது கொட்டை பொறுக்கி, கண்மாய்க் கரையில் ஆளுக்குப் பத்து எட்டு இடைவெளி விட்டுப் புதைக்கச் சொன்னேன். தை பிறக்கும் முன் போய்ப் பார்த்தால் பல இடத்தில் வெறும் குழி. நட்டவர்களே தோண்டிக் கிழங்கை அவித்துத் தின்றுவிட்டிருந்தார்கள்! திட்டத்தான் போனேன், ஆனால் தோண்டினவன் சொன்ன விவரத்தைக் கேட்டதும் திட்டு வாயில் நின்றுவிட்டது. கொட்டையிலிருந்து முளை மேலே வராமல் முதலில் குழல் மாதிரிக் கீழே இறங்குகிறது, அதன் முனையில்தான் கிழங்கு கட்டுகிறது, கிழங்குக்குள்ளிருந்துதான் இலை திரும்ப மேலே வருகிறது என்று கையால் காட்டினான். மேலே ஒரு பச்சையும் தெரியாத காலத்தில் பனை கீழே போய்த் தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்கிறது. பாடப்புத்தகத்தில் இது இல்லை. அடுத்த வருஷம் தின்பதற்கு என்று பள்ளித் தோட்டத்தில் தனியாக ஒரு மேடு போட்டோம். கரையில் நட்டது தப்பியது.

ஆனால் கன்றோ கொட்டையோ, நடுவது இரண்டாவது வேலைதான். முதல் வேலை, ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் ஒரு மரத்தைப் பிள்ளையிடம் ஒப்படைப்பது. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் ஆளுக்கொரு மரம் பிடித்துக்கொள்ள வேண்டும், அது நீ நட்டதாக இருக்கக்கூடாது, இவ்வளவுதான் நிபந்தனை. நெஞ்சளவில், அதாவது தரையிலிருந்து நாலரை அடியில், சணல் சுற்றி அளந்து எழுத வேண்டும். எப்போது இலை உதிர்த்தது, எப்போது துளிர்த்தது, யார் கூடு கட்டினார்கள், யார் நிழலில் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் நோட்டில் ஏறும். ஏறத் தெரிந்தால் ஏறலாம், முருங்கையில் மட்டும் ஏறக்கூடாது. அது சொல்லாமல் ஒடியும்.

நற்றிணையில் 172-ஆம் பாட்டு இதைத்தான் செய்கிறது. சிறுமியாக இருந்தபோது விளையாடிப் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். உன்னைவிடச் சிறந்தது, உன் தங்கை இது என்று தாய் சொல்லிவைக்கிறாள். வளர்ந்தபின் காதலனோடு அந்த மரத்தடியில் சிரித்துப் பேச அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது. தமிழய்யா விடுப்பில் போன ஒருநாள் இதை நான் எடுத்தேன். எனக்குப் பிடித்தது, அந்தத் தாய் மரத்தின் பயன் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. ஆக்ஸிஜன் தரும், மழை தரும் என்ற பேச்சே இல்லை. அந்த மரம் எப்படி வந்தது என்ற கதை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அது போதுமானதாக இருந்திருக்கிறது.

எட்டாவது படித்த ஒரு பெண் பிடித்தது மெயின் ரோட்டுப் புளியமரம். சாலையோரப் புளியமரங்களுக்கு வெள்ளை அடித்து நம்பர் எழுதியிருப்பார்கள், காய்ப்பை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். அவள் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த நம்பர்தான் இருந்தது. சுற்றளவு மூன்று மீட்டருக்கு ஒரு விரற்கடை கூட. இளநீர் வண்டிக்காரர், நாற்று நடவுக்குப் போகும் பெண்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள், மதியம் ஒரு நாய். சாயங்காலம் எத்தனை மணிக்கு இலை மூடுகிறது என்பது வரை எழுதியிருந்தாள். சாலையை அகலப்படுத்த அளவெடுத்தவர்கள் வந்து சிவப்புப் பெயின்ட் பூசிவிட்டுப் போன மறுநாள் என் முன்னால் வந்து நின்றாள். "யார்கிட்ட டீச்சர் கேக்கணும்?"

பசுமைப் படையில் இத்தனை வருஷமாக எந்தப் பிள்ளையும் கேட்காத கேள்வி அது. மரம் பற்றிய எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை. அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அதற்குத் தலைவர் கலெக்டர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். பனையை வெட்டவும் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு சொல்லிவிட்டது. ஊர்ப் பொதுவிடத்து மரங்களைப் பற்றி கிராம சபையில் பேசலாம். இதையெல்லாம் நானே விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் அளவுகளோடு மனு எழுதினார்கள், அப்பா அம்மாக்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

மரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. சாலைக்குப் பொறுப்பான அலுவலகத்திலிருந்து வந்த பதிலில், வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்று நடப்படும் என்று இருந்தது. கணக்கு சார் அதைப் பாடமாக்கினார். சுற்றளவு மூன்று மீட்டர் என்றால் அடிமரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏழாயிரம் சதுர சென்டிமீட்டருக்கு மேல். கட்டைவிரல் பருமன் கன்று, இரண்டு சென்டிமீட்டர் குறுக்களவு என்று வைத்தால் மூன்று சதுர சென்டிமீட்டர் சொச்சம். அந்த ஒரு புளியமரத்துக்குச் சமமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் வேண்டும். பதிலில் சொன்ன பத்துக் கன்று எங்கே நட்டீர்கள் என்று கேட்டு இரண்டாவது மனு போனது. அதை எழுதிய பிள்ளைகள் இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள். கேட்கிற பழக்கம் போகவில்லை என்று கேள்விப்படுகிறேன்.

'மரத்தை நேசி' என்ற ஒற்றை வாக்கியம் எங்கே மாட்டிக்கொள்ளும் தெரியுமா? சீமைக்கருவேலத்தில். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது எங்கள் கண்மாயிலும் ஜேசிபி இறங்கியது. "அதுவும் மரந்தானே டீச்சர், கொக்கு கூடு இருந்துச்சே" என்று ஒரு குழந்தை அழுதது. இன்னொருவனின் அப்பா கரிமூட்டம் போடுகிறவர், வீட்டில் அடுப்பெரிவதே அந்த மரத்தால்தான். மூன்றாமவனோ, அது மண்டினதால் கண்மாயில் தண்ணீர் நிற்கவே இடமில்லை என்றான். மூன்று பேரும் சொன்னது சரி. வெளியிலிருந்து கொண்டுவந்த மரம் எப்படிப் பரவியது, கண்மாய்க்குள் ஏன் கூடாது, பிடுங்கின இடத்தில் வேறு எதை வைப்பது, கூடு கட்டும் மாதம் போனபிறகு வெட்டினால் என்ன என்று அன்று இரண்டு பீரியட் போனது. நான் ஒரு முடிவும் சொல்லவில்லை. ராஜஸ்தானின் கெஜ்ரலியில் 1730-ல் வெட்டவந்த மரத்தைக் கட்டிப்பிடித்து 363 பேர் உயிர்விட்ட கதையில் வரும் மரம் வன்னி. நம் விருத்தாசலம் கோயில் தலமரமும் அதே வன்னிதான். சீமைக்கருவேலம் அதற்கு உறவுமுறை. இதைச் சொன்னதும் வகுப்பு இன்னும் குழம்பியது. குழம்பட்டும்.

ஆணி பிடுங்குவதையும் பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள். டியூஷன் சென்டர், மனை விற்பனை, போர்வெல் என்று போர்டு மாட்டினவரிடம் முதலில் போய்ச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் அவரே கழற்றிவிடுவார். சணலில் கட்டிக்கொள்ளட்டும். தலை வெளியே தெரியும் ஆணியைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கப் பிடுங்கலாம். மரம் பாதி விழுங்கிவிட்டதைத் தோண்டி எடுக்க வேண்டாம். அந்தத் தோண்டலில் ஆணியைவிடப் பெரிய காயம் ஆகும்.

வீட்டிலேயே தொடங்க நினைக்கிறவர்களுக்கு, காசு கொடுத்துக் கன்று வாங்காமல் விதையிலிருந்து வாருங்கள் என்பேன். வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிரும். சதையைக் கழுவிவிட்டு உடனே போட வேண்டும், சில வாரம் போனால் முளைக்காது. புங்கங்கொட்டைக்கு அந்த அவசரம் இல்லை. நாவல் கொட்டையை வைத்திருக்கவே முடியாது, தின்ற கையோடு பாலித்தீன் பையில் மண் நிரப்பிப் போட்டுவிட வேண்டும். ஒரே நாவல் கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வருவது உண்டு. பலமானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளச் சொல்கிறது நர்சரிப் புத்தகம். பிள்ளைகள் சம்மதிக்க மாட்டார்கள். நாலு இலை விட்டபின், மண் ஈரமாக இருக்கும்போது மெதுவாகப் பிரித்து வேறு பையில் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.